பொதுச்சுவர்

நவம்பர் 12, புதன்

சுடர்விழி போன மாதம் ஓசூரிலிருந்து வந்தபோது இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கம்பெனியில் புது வருடத்துக்குக் கொடுத்தது. பத்து மாதப் பக்கங்களும் வெறுமையாக இருக்கின்றன. "தெனம் ஒரு வரியாவது எழுதும்மா. எழுதலன்னா வேலைய வுட்டுட்டு இங்க வந்து ஒக்காந்துருவேன்" என்றாள். பெற்ற மகள் தாயை மிரட்டுகிற காலம். அவள் வேலையை விடக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

இன்று பள்ளிக்கூடத்துக்கு முட்டை வந்தது. சிலது உடைசல். நான் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வேறு திறமை எதுவும் எனக்கு இல்லை.

மாலையில் ஏகாம்பரம் வந்தார். வீடு தூக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர். சுடர்தான் ஓசூரில் இருந்தபடியே பேசி ஏற்பாடு செய்திருக்கிறாள். மாமனார் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வர வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வர வேண்டும். தெருவில் போகிற நாய் எங்கள் ஜன்னலை நேருக்கு நேர் பார்த்துவிட்டுப் போகிறது. கடலூர் முதுநகரில் மழை பெய்தால் தண்ணீருக்கு முதலில் நினைவு வருவது எங்கள் தோணித்துறைத் தெருதான்.

போன கார்த்திகையில் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்தது. அன்றுதான் என் வீட்டுக்காரர் போனார்.

மறுபடி ஒரு முறை தண்ணீர் உள்ளே வந்தால் வீட்டை விற்றுவிட்டு என்னை ஓசூருக்குக் கூட்டிப்போவதாகச் சுடர் சொல்லியிருக்கிறாள். எனக்கு ஓசூர் வேண்டாம். அதனால் வீட்டைத் தூக்கச் சம்மதித்தேன். ஜாக்கி வைத்து, அப்படியே மூன்றரை அடி.

நவம்பர் 13, வியாழன்

நேற்று எழுத மறந்தது: ஏகாம்பரம் சுவர்களை எல்லாம் தட்டிப் பார்த்தார். கிழக்குச் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"அம்மா, இது பொதுச்சொவருல்ல? அந்தப் பக்கம் யாரு?"

"என் கொழுந்தனார். கருணைநாதன்."

"அப்ப ரெண்டு வூட்டையும் சேத்துத்தான் தூக்கணும். ஒரே தளம், ஒரே சொவரு. அவரு என்னா சொல்றாரு?"

அவர் ஒன்றும் சொல்வதில்லை என்றேன். மாமனார் காலத்தில் இது ஒரே வீடு. அண்ணனும் தம்பியும் துவைக்கிற கல் யாருக்கு என்பதில் ஆரம்பித்துப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த வாசற்படியில் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த மறு வாரமே இரண்டு பேரும் சேர்ந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். துவைக்கிற கல் மட்டும் கடைசிவரை யாருக்கும் இல்லாமல் கொல்லையில் கிடக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். சர்க்கரைப் பொங்கல் போட்டோம். மழை.

நவம்பர் 16, ஞாயிறு

கொல்லையில் துணி உலர்த்தும்போது தில்லைநாயகி வந்தாள். கருணைநாதனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. நல்ல பெண். இந்த ஒரு வருடத்தில் எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தே ஓய்ந்துபோனாள்.

"அக்கா, ஒங்க வூடு தூக்கறதப் பத்தி அவுருகிட்ட பேசிப் பாத்துட்டேன். சொவரு, தூக்கறதுன்னு ஆரம்பிச்சாலே எழுந்து கொல்லப் பக்கம் போயிடறாரு. ஆம்பள அழுதா கூடத் தேவலாம். இது பேச்சே இல்ல."

"செலவுக்குப் பயப்படறாரா?"

"செலவா! அவுரு கேட்டாக்கா என் நகையக் கழட்டிக் குடுத்துருவேன். அதில்லக்கா." எது என்று கேட்காமல் நான் அடுத்த துணியை உதறிப் போட்டேன்.

கருணைநாதனுக்கும் எனக்கும் சண்டை கிடையாது. காரியம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். என் முகத்தில் விழிக்கக் கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது. முன்வாசல் வழியாக அவர் வந்து போய் ஒரு வருடம் ஆகிறது. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, சந்து சுற்றி, சேற்றில் செருப்பு வழுக்க வழுக்கத்தான் மளிகைக்கடை வேலைக்குப் போகிறார். அவர் வீட்டு முன்பக்கம் நீளமான நடை. அதில் மின்சாரப் பெட்டி இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது. நல்ல நடையை விட்டுவிட்டு ஒரு மனிதர் சேற்றில் நடந்தால் நடக்கட்டும்.

தில்லை பாலைக் காய்ச்சி உடனே மோருக்கு உறை ஊற்றிவிட வேண்டும் என்று ஓடினாள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேர். புதிது, வாங்கி முழுதாக இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அணைத்தே கிடக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

அவருடைய போனைச் சார்ஜ் போட்டேன். வாரம் ஒரு முறை போடுகிறேன். கடைசி அழைப்பு கருணைநாதனிடமிருந்து வந்தது. ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

ஏகாம்பரம் போன் செய்தார். கொழுந்தனார் வராவிட்டால் பரவாயில்லையாம். பொதுச்சுவரை அவர்களுக்கே விட்டுவிட்டு, அதை ஒட்டித் தளத்தை மிஷினால் அறுத்து, எங்கள் பக்கம் இரும்புச் சட்டம் கொடுத்து எங்கள் பாதியை மட்டும் தூக்கலாமாம். பிறகு எங்களுக்குத் தனியாக ஒரு சுவர். சரி என்றேன். இந்த ஒரு வருடத்தில் நான் நன்றாகப் பழகிக்கொண்ட சொல் அது.

நவம்பர் 21, வெள்ளி

தலைத்திவசம். ஐயர் சீக்கிரம் முடித்தார், அவருக்கு இன்னொரு இடம் போக வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுவல் செய்தேன். உப்பு கொஞ்சம் அதிகம். யாரும் சொல்லவில்லை. இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். மழைக்காலத்தில் யாராவது வீட்டைத் தூக்குவார்களா? ஆவணியில் தூக்க ஏகாம்பரம் தயாராகத்தான் இருந்தார். அப்போது, 'வருஷம் திரும்பாமல் வீட்டில் கை வைக்கக் கூடாது' என்று சொன்னவர்களும் இதே ஆட்கள்தான். திவசம் முடிந்ததும் வருகிற முதல் வாஸ்து நாள் கார்த்திகை எட்டு. தை வரை பொறுத்தால் இன்னொரு வெள்ளம் பார்த்துவிடலாம். அதனால் கார்த்திகை. வாஸ்து பகவான் கண் விழிக்கிற நேரத்தில் வங்காள விரிகுடாவும் கண் விழிக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனாலும் நாள் நல்ல நாள்.

கருணைநாதன் கொல்லைப்பக்கம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். சாம்பார் ஊற்றப் போனேன். தலை நிமிராமல், "அண்ணி, அன்னிக்கி நாந்தான் அண்ணனுக்குப் போன் போட்டு..." என்று ஆரம்பித்தார்.

"சாம்பார் ஆறிடும். சாப்புடுங்க" என்றேன்.

அப்பளம் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் பாதியிலேயே எழுந்து போனதாகத் தில்லை பிறகு சொன்னாள்.

நவம்பர் 24, திங்கள்

திவசத்துக்கு மறுநாளிலிருந்து வீட்டுக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இன்று வாஸ்து பூஜை. ஒரு சுமங்கலி கற்பூரம் காட்ட வேண்டும் என்றார் ஏகாம்பரம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம். நான் தில்லையைக் கூப்பிட்டேன். தலைக்கு ஊற்றி, பட்டுப்புடவை கட்டி, தன் வீடு தாழ்ந்து கிடக்கப்போகிறது என்று தெரிந்தும் என் வீடு உயர அவள் கற்பூரம் காட்டினாள். பூசணிக்காயை உடைத்தாள். "நல்லபடியா எழும்பணும்" என்று சத்தமாகவே சொன்னாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

வேலையாட்கள் வடக்கே ஹரியானாக்காரர்கள். தலைவன் பெயர் சோம்பீர். பெயர்தான் அப்படி, ஆள் சோம்பேறி இல்லை. அவன் ஒரு குரல் கொடுத்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜாக்கியை ஒரு திருகு திருகுகிறார்கள். யாராவது பிந்தினால் சுவர் விரியும். வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை, உள்ளேயே சமைக்கலாம் என்றார்கள். நான் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீடு ஏறுவது தெரியவே இல்லை. ஜன்னலில் நாயின் தலை மட்டும் மெல்ல மெல்லக் கீழே போயிற்று.

எங்கள் மீட்டரைக் கழற்றிவிட்டார்கள். தில்லை தன் வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் விட்டாள், போனுக்கும் ஒரு லைட்டுக்கும்.

நவம்பர் 26, புதன்

மூன்றரை அடி வந்துவிட்டது. இப்போது ஜாக்கிகளுக்கு இடையில் செங்கல் கட்டி நிரப்புகிறார்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரப் பலகை போட்டிருக்கிறது. பலகை மேல் நின்று தெருவைப் பார்த்தேன். பல வருடத்துக்குப் பிறகு தெரு எனக்குக் கீழே இருந்தது.

உள்ளே கிழக்குப் பக்கம்தான் விநோதம். எங்கள் தரை மேலே வந்துவிட்டது, பொதுச்சுவர் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அடைத்த பழைய வாசற்படியின் மேல்பாதி மட்டும் இப்போது எங்கள் அறையில் தெரிகிறது, இடுப்பளவு ஜன்னல் மாதிரி. தளத்தை அறுத்த இடுக்கு வழியாகத் தில்லை வீட்டு டி.வி. சத்தம் தெளிவாகக் கேட்கிறது. காற்றழுத்தத் தாழ்வு என்றது டி.வி.

நவம்பர் 28, வெள்ளி

துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்ததை மாற்றி மூன்றாம் எண் ஏற்றிவிட்டார்கள். புயலுக்குப் பெயரும் வைத்துவிட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் தெரிந்துகொள்ளவில்லை. பெயர் தெரிந்தவர்களே போதும் எனக்கு.

செங்கல் வேலை முக்கால்வாசி முடிந்தது. சோம்பீர் ஆட்களை ஏகாம்பரம் மஞ்சக்குப்பத்துக்கு அழைத்துப் போய்விட்டார், அங்கே மேடு. கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் என் அறையில் குவிந்து கிடக்கின்றன.

"வூடு நிக்குமா?" என்று கேட்டேன்.

"நிக்கும்மா. காத்துக்கு நிக்கும். தண்ணிக்கும் நிக்கும். நீங்க உள்ள இருக்க வேணாம், அவ்ளோதான்."

நவம்பர் 29, சனி

பள்ளிக்கூடத்தில் முகாம் திறந்தாயிற்று. வருடா வருடம் இதுதான். நானும் ஆயாக்கள் இரண்டு பேரும் சமையல். தக்காளி சாதம். கரையோரத்துச் சனங்கள் பாய், மிக்ஸி, ஆடு சகிதமாக வந்துவிட்டார்கள். தில்லையும் கருணைநாதனும் வந்திருக்கிறார்கள். அவர் ஆண்கள் பக்கத்தில், ஒரு தூண் மறைவில்.

போன வருடமும் நான் இங்கேதான் இருந்தேன். கிச்சடி கிளறிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். கரண்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, அடி பிடிக்காமல் கிளறச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அதை எல்லாரும் பெரிய மனசு என்று சொன்னார்கள். மனசே இல்லை அப்போது. இப்போதும் அதே கரண்டிதான்.

நவம்பர் 30, ஞாயிறு

காற்று. கரண்ட் இல்லை. மதியம் உப்புமா.

டிசம்பர் 1, திங்கள்

புயல் கரை ஏறிவிட்டது. எங்களுக்கு வடக்கே எங்கேயோ. இங்கே மரங்கள் விழுந்தன, தகரம் பறந்தது, உயிர்ச்சேதம் இல்லை. முகாமைக் காலி செய்துகொண்டு எல்லாரும் ஏமாந்த மாதிரி முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

வீடு நின்றது. ஏகாம்பரத்துக்குப் போன் செய்து சொன்னேன். "நான் சொன்னேன்ல?" என்றார், அவர் குரலில்தான் நடுக்கம் இருந்தது. நாளை மறுநாள் ஆட்களோடு வருகிறாராம்.

மாலையே கரண்ட் வந்துவிட்டது. தெருவே கைதட்டியது. இரவுக்கு இட்லி. மலைப்பக்கம் பேய் மழை என்று டி.வி.யில் சொல்கிறார்கள், ஆறு நிறைந்து வருகிறதாம். தில்லை வீட்டு இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

தண்ணீர் வந்தது.

டிசம்பர் 3, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கை வலி. சுடர் இன்றைக்காவது முழுதாக எழுதச் சொன்னாள். சரி.

நேற்றுக் காலையில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்றார்கள். மைக் தெரு முனை திரும்புவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. காற்றும் இல்லை, மழையும் இல்லை. பளிச்சென்று வெயில். ரோட்டில் ஓடி வந்த தண்ணீர் ரோட்டை விடத் தாழ்ந்த வீடுகளுக்குள் படி இறங்கிப் போயிற்று, விருந்தாளி மாதிரி. என் வீட்டுக்கு அடியில் செங்கல் தூண்களைச் சுற்றிக்கொண்டு போனது. நான் பலகையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

தெரு நடுவில் புயலில் சாய்ந்திருந்த கம்பம் முழுதாக விழுந்தது. கம்பி தண்ணீரில். "யாரும் எறங்காதீங்க! எறங்காதீங்க!" என்று மாடிவீட்டுக்காரர் கத்தினார். எதிர்வீட்டு வாசல் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. கரண்ட் ஆபீசுக்கு ஆளாளுக்குப் போன் போட்டார்கள். லைன் கிடைக்கவில்லை.

அப்போது இடுக்கு வழியாகத் தில்லையின் குரல் கேட்டது. "அக்கா! தண்ணி தொடைக்கு வந்துடுச்சி அக்கா! அவுரு மெயின ஆஃப் பண்றேன்னு நடைக்குப் போறாரு!"

எனக்குக் கண் முன்னால் எதுவும் வரவில்லை. போன வருடம் நான் பார்க்கவும் இல்லையே. நான் வந்தபோது அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள், சட்டை ஈரமாக. அவருக்கு ஷாக் அடித்த அதே நடை. அதே இரும்புப் பெட்டி. அதைக் கொஞ்சம் உயரத்திலாவது மாற்றி வையுங்கள் என்று தில்லை ஒரு வருடமாகக் கெஞ்சியும் கருணைநாதன் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது போகிறார்.

"தம்பி!" என்று கத்தினேன். "மெயினத் தொடாதீங்க!"

தண்ணீரை அலம்பிக்கொண்டு அவர் நடக்கும் ஓசைதான் கேட்டது. வரிசையில் நில், தட்டைக் கழுவு என்று காலமெல்லாம் கத்திய தொண்டை இது. சுவரில் வாயை வைத்து இன்னொரு முறை கத்தினேன். "கருணநாதா! கைய எடுடா!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரை ஒருமையில் கூப்பிட்டதில்லை.

தண்ணீர் அலம்பும் ஓசை நின்றது. பிறகு அவர் குரல். "அண்ணி, தண்ணி ப்ளக்குக்கு ஏறிடிச்சின்னா தில்லைக்கு ஷாக் அடிச்சிடும். ஆஃப் பண்ணித்தான் ஆவணும்."

"ரெண்டு பேரும் மேல வாங்க. நான் சொவத்த ஒடைக்கிறேன். பழைய வாசப்படி. கட்டில இழுத்துப் போட்டு ஏறி நில்லுங்க."

கடப்பாரையை எடுத்தேன். பெரிய பெரிய அண்டாவை இறக்கி ஏற்றிய கைதான், ஆனாலும் முதல் இடியில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அண்ணனும் தம்பியும் கோபத்தில் அவசரமாக அடைத்த சுவர், ஒற்றைச் செங்கல், மண் சாந்து. நல்ல வேளையாக அவர்களுக்குக் கொத்து வேலை தெரியாது. நாலாவது ஐந்தாவது இடியிலேயே ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியாகத் தில்லையின் விரல்கள் வந்தன. "கைய எடு, நசுங்கிடும்" என்று அதட்டினேன். மற்ற செங்கற்களை அந்தப் பக்கமிருந்து அவர் உருவினார்.

தில்லையை அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். ஈரப்புடவையோடு என் மேலேயே விழுந்தாள். அவர் வரவில்லை. கட்டில் மேல் நின்றபடி, கணுக்காலளவு தண்ணீரில், நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் சாய்ந்து மிதந்தது.

"இந்த ஃப்ரிட்ஜுக்குத்தான் அண்ணி" என்றார். "நாங்க பண்ருட்டியில இருந்தோம். புது ஃப்ரிட்ஜு, போயிடப் போவுது, எங்க வூட்டு மெயின ஆஃப் பண்ணிடுன்னு நாந்தான் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வேற ஒண்ணுமே பேசல. சாப்டியான்னு கூடக் கேக்கல."

"அத மேல வந்து சொல்லுங்க" என்றேன்.

"அண்ணி..."

"கால நனைச்சிக்கிட்டு நின்னு சொல்ற பேச்சு எனக்குக் கேக்காது. ஏறுங்க."

ஏறினார். ஏறி, ஓட்டைக்குப் பக்கத்திலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டுப் பல்பு அணைந்தது. யாருக்கோ லைன் கிடைத்திருக்கிறது.

தண்ணீர் என் தரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. நான் கேஸைப் பற்ற வைத்துக் கிச்சடி கிளறினேன். அவர் தட்டை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

இன்று திருக்கார்த்திகை. தில்லை எங்கிருந்தோ அகலைத் தேடி எடுத்து, உடைந்த சுவரின் மேல் ஒன்று ஏற்றி வைத்தாள். ஒரு பக்கம் என் வீடு, ஒரு பக்கம் அவள் வீட்டுச் சேற்றுத் தண்ணீர். கடப்பாரை பிடித்த கை, எழுத்து கோணலாக வருகிறது.

டிசம்பர் 5, வெள்ளி

தண்ணீர் வடிந்துவிட்டது. இன்னும் இரண்டு பேரும் என் வீட்டில்தான். பகலில் அவர்கள் வீட்டுச் சேற்றை வாரினோம். ஃப்ரிட்ஜைக் கொல்லையில் துவைக்கிற கல் மேல் சாய்த்து வைத்திருக்கிறது. கல்லுக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்தது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை நான் சாம்பாரைப் பற்றிப் பேசவில்லை.

"நான் போன் பண்ணாம இருந்திருந்தா அண்ணன் இருந்திருப்பாரு. நீங்க என்னைய ஒரு வார்த்த திட்டியாவது இருக்கலாம்."

தில்லை சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"நீங்க சொல்லலன்னாலும் அவரு போயிருப்பாரு" என்றேன். "தண்ணி வந்ததும் மொதல்ல ரெண்டு வூட்டு மெயினையும் அணைக்கணும்னு அன்னிக்கிக் காலையிலயே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் இருந்தாரு. ஒங்க போனுக்காகப் போவல."

"நெசமாவா அண்ணி?"

"நெசந்தான்."

அவர் அழுதார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றுக் கையோடு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். நான் இன்னொரு கரண்டி போட்டேன். முழுதும் சாப்பிட்டார்.

டிசம்பர் 6, சனி

ஏகாம்பரம் வந்தார். சுவரில் இருக்கும் ஓட்டையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். கருணைநாதன் தானாக முன்னால் வந்து, தன் பாதியையும் தூக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார். இரண்டு தரையும் சமமாகிவிட்டால் அந்த வாசற்படியை என்ன செய்வது என்று ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். கதவு போடச் சொன்னேன்.

சுடர் போன் செய்தாள். "எழுதினியாம்மா?" என்றாள். எழுதினேன் என்றேன்.

எழுதாதது ஒன்று இருக்கிறது. போன வருடம் அன்று காலையில் அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மெயினைப் பற்றிப் பேச்சே வரவில்லை. முகாமுக்குக் கிளம்பும்போது, சேப்பங்கிழங்கு வாங்கி வரட்டுமா என்றுதான் கேட்டார். மதியம் தூங்குகிற மனிதர் அவர். அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் தண்ணீர் கட்டில் காலைத் தொடும் வரை தூங்கியிருப்பார், பிறகு மாடிவீட்டுக்குப் போயிருப்பார். அல்லது, தானே எழுந்து தம்பி வீட்டைப் பார்க்கப் போயிருப்பார். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒரு ஃப்ரிட்ஜ். எனக்குக் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. அது எனக்கே இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

மாலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கீழே அவர்கள் வீட்டில் நடை முழுக்க யாரோ நடந்து போகும் ஓசை கேட்டது. பிறகு முன்கதவின் தாழ்ப்பாள் இழுபட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள், இரண்டு மூன்று முறை இழுத்துத்தான் திறந்தது. கருணைநாதன் முன்வாசல் வழியாக ரோட்டில் ஏறி, மளிகைக்கடைப் பக்கம் நடந்து போனார்.

ஒரு வருடமாக வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோயிற்று. தில்லை ஓடி வந்து கேஸை மூடினாள்.